பன்றி பகலில் வராது

செப்டம்பர் 18, திங்கள்

இந்த நோட்டில் நான் எழுதப்போவது அத்தனையும் உண்மை. நடந்ததைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்குப் பிடிக்காதது நடந்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவ மாட்டேன். இப்படிக்கு, நிறைமதி, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. (போன வருஷத்துச் சமூக அறிவியல் நோட்டில் அறுபத்திரண்டு பக்கம் மிச்சம் இருந்தது. அதில்தான் எழுதுகிறேன்.)

முதல் உண்மை: இன்று எங்கள் வீட்டுத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம்.

எங்கள் மலையில் காபி, மிளகு, வாழை போட்டிருக்கிறவர்களில் பலரிடம் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. காட்டுப்பன்றியை வெருட்டுவதற்கு. தேர்தல் அறிவித்தால் எல்லோரும் அதை ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி ஒரு வாரம் ஆனபிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இப்போது உள்ளாட்சித் தேர்தல்.

அப்பா மாசி மாதம் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து கைத்தடியோடுதான் நடக்கிறார். அதனால் துப்பாக்கியை நான் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஜீப்பில் கூடவே போனேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டய்யாவை எல்லோரும் ரைட்டர் என்பார்கள். அவர் அப்பாவைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாரும் சடையப்பன். எண்ணெய் கிண்ணெய் போட்டுக் கொண்டாந்தீரா? போன எலக்சனுக்கு ஒருத்தன் கொழாய்க்குள்ள கொளவிக்கூட்டோட குடுத்துட்டுப் போயிட்டான்யா. ஒரு வாரம் எங்க இன்ஸ்பெக்டர் மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சு."

பழைய அப்பாவாக இருந்தால் இதற்குப் பதிலாக இரண்டு கதை சொல்லியிருப்பார். இன்று தலையை மட்டும் ஆட்டினார். சுவரோரமாக இருபத்தேழு துப்பாக்கிகள் கழுத்தில் அட்டை மாட்டிச் சாய்ந்து நின்றன. காலை வழிபாட்டில் வரிசையில் நிற்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி இருந்தது. எங்களுடையது இருபத்தெட்டாவது. மஞ்சள் தாளில் ரசீது கொடுத்தார்கள். அப்பா அதை வீட்டுக்கு வந்து ட்ரங்குப் பெட்டியில் லைசென்ஸ் புத்தகத்துக்கு அடியில் வைத்தார்.

அம்மா, "குடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கேசரி கிண்டினாள். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டேன். "ரவையில வண்டு விழுந்துரும்போல இருந்துச்சு" என்றாள். நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். வண்டு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

மழை. கணக்குப் பரீட்சை சுமார். நேற்று அம்மா குறட்டை விட்டுத் தூங்கினாள். மாசிக்குப் பிறகு அந்தச் சத்தத்தை இப்போதுதான் கேட்கிறேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

கடைசிப் பாடவேளை இலக்கிய மன்றம். அக்டோபர் 13 அன்று பட்டிமன்றம் நடத்தப்போவதாக ஞானசௌந்தரி டீச்சர் சொன்னார். வெளிநாட்டில் ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து பிள்ளைகளைச் சுட்டுவிட்டதாகச் செய்தி வந்ததே, அதைப் பற்றி. தலைப்பைப் பலகையில் எழுதினார்: "கூட்டத்தில் புகுந்து சுடும் கொடுமைக்குக் காரணம் துப்பாக்கியா? மனித மனமா?"

வகுப்பில் ஒரே சத்தம். டீச்சர் சீட்டுக் குலுக்கினார். எனக்கு "மனமே" அணி. அதற்குத் தலைவியும் நான்தான். "துப்பாக்கியே" அணிக்கு ரோஸ்லின் தலைவி. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். என்னுடைய பலவீனம் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"ஏய் மதி, நீ புத்தகத்த மேஞ்சுட்டு வருவ. நான் சும்மா வந்து ஒன்னக் கவுக்குறேன் பாரு" என்றாள்.

எனக்கு இந்தப் பக்கம் கிடைத்தது நல்லதுதான். எங்கள் மலையில் இத்தனை துப்பாக்கி இருந்தும் யாரும் யாரையும் சுட்டதில்லை. என் முதல் குறிப்பு அதுதான்.

செப்டம்பர் 24, ஞாயிறு

ஞாயிறு காலையில் அமெரிக்காவிலிருந்து மாமா வீடியோவில் கூப்பிடுவார். அங்கே அப்போது சனிக்கிழமை ராத்திரி. மாமா மகள் நிலாவுக்கு ஏழு வயது. பட்டிமன்றத்துக்கு உதவுமே என்று, அங்கே பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எங்க ஸ்கூல்ல ஒரு விளையாட்டு இருக்கு மதிக்கா. டீச்சர் கதவைப் பூட்டிருவாங்க. லைட்டை ஆஃப் பண்ணிருவாங்க. நாங்க எல்லாம் மூலையில உக்காந்துக்கணும். சத்தமே போடக்கூடாது. யாரு சத்தம் போடாம இருக்காங்களோ அவங்களுக்கு மிட்டாய்."

"எதுக்குடி அப்படி?"

"கெட்டவங்க வந்தா யாருமே இல்லன்னு நெனச்சுக்கணும்ல?" என்றவள் குனிந்து ஒரு ஷூவைக் கழற்றிக் காட்டினாள். தட்டினால் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னுகிற ஷூ. "இது மின்னிருச்சுன்னா தெரிஞ்சிரும்ல? அதனால நான் கையால மூடிக்கிட்டே இருந்தேன். கை வலிச்சுச்சு. ஆனா எடுக்கல."

மாமா போனை வாங்கிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அம்மா ஷூவின் விலையைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். போனை வைத்தபிறகு, "பாவம், புள்ள கையால மூடிக்கிட்டே உக்காந்திருக்கு" என்றாள்.

இதை எந்த அணி சொல்லலாம் என்று தெரியவில்லை. குறிப்பு அட்டையில் எழுதவில்லை.

செப்டம்பர் 29, வெள்ளி

காலாண்டு விடுமுறை. துணி துவைத்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். வாழைத்தோட்டத்தில் பன்றி புகுந்து பதினோரு கன்றைத் தோண்டிப் போட்டிருக்கிறது. அப்பா எட்டி நின்று பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

தோட்டத்துக் காவல் பரணில் ஏறி உட்கார்ந்து குறிப்பு எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. பழசெல்லாம் ஞாபகம் வந்தது. நான் ஒன்றாவது படிக்கும்போது அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு இந்தப் பரணில் ஏறுவார். மூங்கில் கழி கிறீச்சிடும். பொழுது சாய்ந்து, ஓடைப்பக்கம் புதர் அசையும். "காதப் பொத்திக்க ஆத்தா" என்பார். வானத்தைப் பார்த்து ஒரே வெடி. மலை அதை நான்கு தடவை திருப்பிச் சொல்லும். நான் எண்ணுவேன். நாலாவது ரொம்ப மெல்லிசாக, யாரோ தூரத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி வரும். பிறகு அப்பா காலித் தோட்டாக்கூட்டை உதட்டில் வைத்து விசில் ஊதுவார். அந்தச் சிவப்புக் கூடுகளைத்தான் நான் பென்சில் துண்டு போட்டுவைத்தேன். மருந்து வாசனை போகவே போகாது. இப்போதும் அந்த வாசனை எங்காவது வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்று. வீட்டில் விளக்கை அணைப்பது எப்போதும் அப்பாதான். அடுக்களை, முன்னறை, என் அறை என்று வரிசையாக வருவார். ஒவ்வொரு சுவிட்சைத் தட்டும்போதும் அந்தப் பல்பைப் பார்த்து, "நாளைக்குப் பாப்போம்" என்பார். கடையைச் சாத்துகிறவர் கடைசி ஆளிடம் சொல்கிற மாதிரி. மாசியிலிருந்து அம்மா அணைக்கிறாள். அவள் ஒன்றும் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் எழுதுவேன் என்று சொல்லியிருப்பதால் இதையும் எழுதுகிறேன். ஆவணியில் ஒருநாள் பள்ளி அரை நாளோடு விட்டுவிட்டது. மத்தியானம் ஒரு மணிக்கு வந்தேன். பரணுக்குக் கீழே அப்பாவின் கைத்தடி புல்லில் கிடந்தது. மேலே அப்பா உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடியில் இருந்தது. நான் காபிச் செடி மறைவில் நின்றேன். அம்மா ஒரு டம்ளர் காபியோடு வந்தாள். ஏணியில் ஏறத் தெரியாதவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டுகிற வரைக்கும் அம்மா இறங்கவில்லை.

பன்றி பகலில் வராது. அது எங்கள் ஊர் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.

வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

பள்ளி திறந்தது. மாலையில் நூலகம். பழைய பத்திரிகைக் கட்டில் தேடி நிறையக் குறிப்பு எடுத்தேன். சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தும் இப்படிச் சம்பவங்கள் அபூர்வம் (எங்களுக்கு). ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அரசாங்கம் லட்சக்கணக்கான துப்பாக்கிகளை மக்களிடமிருந்து திரும்ப வாங்கி உருக்கிவிட்டது (ரோஸ்லினுக்கு). சுடுகிறவர்களில் பலர் தனிமையிலும் அவமானத்திலும் வெந்தவர்கள் (எங்களுக்கு).

ஒரு ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கக் கட்டுரை. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் பிறர் கையால் இறப்பதில்லையாம். தங்கள் கையாலேயே. பள்ளியிலும் சந்தையிலும் நடப்பது செய்தியாகிறது, வீட்டுக்குள் நடப்பது செய்தியாவதில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த நினைப்பு பலருக்குக் கொஞ்ச நேரமே இருக்குமாம். அந்த நேரத்தில் துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருந்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்து, பிறகு நெடுநாள் வாழ்கிறார்களாம்.

இது தலைப்புக்குள் வராது. இரண்டு அணிக்கும் பயன்படாது. பத்திரிகையை மடித்துக் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

பறவைகளைப் பற்றிய தடிப் புத்தகத்தை எடுத்துவந்திருக்கிறேன். இருவாட்சி அத்தியாயம், 114-ஆம் பக்கம். அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் தாளை வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 5, வியாழன்

பஸ் நிறுத்தத்தில் ரோஸ்லினோடு ஒத்திகை. அட்டை மழையில் நனைந்து மை கலைந்துவிட்டது.

"கத்தியால கூடத்தான் குத்துறாங்க. கத்தியத் தடை பண்ணுவியா?" என்றேன்.

"கத்தியோட வந்தான்னா நான் ஓடிருவேன். நீ பிடிபட்டுருவ. ஒன் ஓட்டம் எனக்குத் தெரியாதா? பி.டி. பீரியட்ல மரத்தடி கேசு."

"லைசென்ஸ் சும்மா குடுத்துருவாங்களா? போலீஸ் விசாரிச்சு, கலெக்டர் கையெழுத்துப் போட்டு..."

"என்னைக்கி விசாரிச்சாங்க? ஒங்க தாத்தா காலத்துலயா? அன்னைக்கி நல்லா இருந்த ஆளு இன்னைக்கும் அப்படியே இருப்பாரா?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. நல்லவேளை.

அக்டோபர் 7, சனி

வாக்குப்பதிவு. அப்பாவும் அம்மாவும் விரலில் மையோடு வந்தார்கள். புளிச்சோறு. 131 பக்கம் வரை படித்துவிட்டேன். மஞ்சள் தாள் 114-இலேயே இருக்கிறது.

அக்டோபர் 11, புதன்

எண்ணிக்கை. கீழத்தெரு ஆள் ஜெயித்துவிட்டார், ஒரே சரவெடி. சாப்பிடும்போது அப்பா தானாக ஒரு வார்த்தை பேசினார். "இருவதாந் தேதி போயி எடுத்துட்டு வந்துரலாம். ஆயுத பூசைக்கு வீட்டுல இருக்கணும்ல."

ஆயுத பூஜை இருபத்து மூன்றாம் தேதி. அரிவாள், மண்வெட்டி, மிளகு ஏணி, என் புத்தகம் எல்லாவற்றுக்கும் நடுவில் துப்பாக்கியைத்தான் வைப்போம். அதன் கட்டையில் சந்தனம் பூசிப் பொட்டு வைப்பது ஐந்து வயதிலிருந்து என் வேலை.

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள். தட்டு நிரம்பிவிட்டது.

அக்டோபர் 13, வெள்ளி

பட்டிமன்றம். தோற்றேன். எப்படி என்று எழுதுகிறேன்.

முதல் சுற்றில் எங்கள் கை ஓங்கியிருந்தது. இரும்புக்கு ஆசையும் தெரியாது, ஆத்திரமும் தெரியாது. மனத்தைக் கவனிக்காமல் இரும்பைப் பழிப்பது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது போல என்றேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கைதட்டினார்கள். எங்கள் மலையைச் சொன்னேன். சுவிட்சர்லாந்தைச் சொன்னேன்.

கடைசிச் சுற்று, எதிரணித் தலைவி கேள்வி கேட்கலாம். ரோஸ்லின் கையில் அட்டை இல்லை. சும்மா எழுந்து வந்தாள்.

"நடுவர் அவர்களே, எதிரணித் தலைவியிடம் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டுத் துப்பாக்கி இப்போது எங்கே?"

"ஸ்டேஷனில்."

"ஏன்?"

"தேர்தல் வந்ததால்."

"தேர்தல் வந்தா ஒங்கப்பா யாரையாச்சும் சுட்டுருவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இல்லை" என்றேன்.

"பிறகு ஏன் வாங்கிவைக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "யார் மனசுல என்ன இருக்குன்னு கலெக்டருக்குத் தெரியாது. போலீசுக்குத் தெரியாது. பக்கத்துல படுத்திருக்கவங்களுக்கே தெரியாது. எல்லார் மனசையும் ஒரே மாசத்துல சரி பண்ண முடியுமா? முடியாது. ஆனா துப்பாக்கியை ஒரே நாளில் வாங்கி வச்சிரலாம். மனசுதான் காரணம்னே வச்சுக்குவோம். அது சரியாகுற வரைக்கும் இரும்பு தள்ளி இருக்கட்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்."

என் அட்டையில் இதற்குப் பதில் இருந்தது. "தேர்தல் தற்காலிக நிலை, அதைப் பொதுவிதியாக்க முடியாது" என்று நானே அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். மைக்கைப் பிடித்தேன். பக்கத்துல படுத்திருக்கவங்களுக்கே என்ற வார்த்தை காதிலேயே நின்றது. கேசரி கிண்டிய அன்று அம்மா தூங்கியது ஞாபகம் வந்தது.

"எனக்குப் பதில் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, அவ்வளவுதானா?" என்றார் டீச்சர்.

வெளியே வந்ததும் ரோஸ்லின் கையைப் பிடித்தாள்.

"கோவமா? நான் ஒங்கப்பாவச் சொல்லலடி. சும்மா உதாரணத்துக்கு."

"தெரியும்."

"அப்புறம் ஏன் அழுவுற?"

"கண்ணுல தூசி."

"இந்த மழையில ஏதுடி தூசி?" என்றாள். பிறகு தன் குடையில் பாதியை என் பக்கம் சாய்த்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள்.

அக்டோபர் 14, சனி

அம்மா என் மேசையைத் துடைத்து அடுக்கியிருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பறவைப் புத்தகத்தில் மஞ்சள் தாள் 114-ஆம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் தலைகீழாக.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அக்டோபர் 20, வெள்ளி

முதல் பக்கத்தில் என்ன எழுதினேன் என்று இப்போது திருப்பிப் பார்த்தேன். எல்லாம் உண்மை என்று எழுதியிருக்கிறேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் ஒன்றை எழுதாமல் பதினேழு நாள் ஒளித்திருக்கிறேன். அந்த மஞ்சள் தாள் துப்பாக்கியின் ரசீது. அக்டோபர் மூன்றாம் தேதி நூலகத்திலிருந்து வந்ததும் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்தேன். ரசீது இல்லாவிட்டால் துப்பாக்கியைக் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஏன் எடுத்தேன் என்று இந்த நோட்டில்கூட எழுத எனக்குப் பயமாக இருந்தது. எழுதினால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது.

இன்று காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். லைசென்ஸ் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பாயில் வைத்தார். அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகை, பட்டா நகல், என் அங்கன்வாடி அட்டை.

"பஞ்சவர்ணம், ரசீதக் கண்டியா?"

"பூச்சி கீச்சி அரிச்சிருக்கும்" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்தே.

"ஒரு மாசத்துலயா?"

பெட்டியின் மூலையிலிருந்து ஒரு சிவப்புத் தோட்டாக்கூடு உருண்டுவந்தது. வாயில் காகிதம் அடைத்திருந்தது. அப்பா காகிதத்தைப் பிடுங்கிவிட்டுக் கையில் கவிழ்த்தார். அரிசி மாதிரி ஒரு பல்.

"இது என்னன்னு தெரியுதா ஆத்தா? ஒனக்கு மொத மொத விழுந்த பல்லு. பரண்ல வச்சுக் கொய்யாக்காயக் கடிச்சு... காணோம்னு நீ அழுத. நான் டார்ச்சடிச்சுத் தேடி எடுத்தேன்." அதைச் சொல்லும்போது அவர் முகம் பழைய முகமாக இருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. "தேடாதீங்கப்பா. எங்கிட்ட இருக்கு" என்றேன். புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா சிரித்தார். "புத்தகத்துக்கு அடையாளம் வைக்க ஒனக்கு வேற தாளே கெடைக்கலயா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்த பொய். சொன்னால் எல்லாம் முடிந்துவிடும், அவர் ஜீப் ஏறிவிடுவார்.

"பன்றி பகல்ல வராதுப்பா" என்றேன்.

தகரக் கூரையில் மழைச் சத்தம். அடுக்களையில் அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்பா பெட்டியின் மூடியைச் சாத்தி அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"அன்னைக்கி நீ பள்ளிக்கூடத்துலல்ல இருந்த?"

"அரை நாள்."

அப்பா பல்லை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். அந்தக் கையாலேயே முகத்தை மறைத்துக்கொண்டார். அழுதார். உண்மை எழுதுவதாகச் சொன்னதால் எழுதுகிறேன், நன்றாகச் சத்தமாக அழுதார். அம்மா ஈரக் கையோடு வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கி நான் காப்பி குடுக்கவா ஏணி ஏறுனேன்னு நெனச்சீங்க?" என்றாள்.

ஜீப் வந்து ஹாரன் அடித்தது. யாரும் போகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது போய்விட்டது. நானும் பள்ளிக்குப் போகவில்லை.

அக்டோபர் 21, சனி

மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே மூன்றே மூன்று துப்பாக்கிகள்தான் மிச்சம்.

"என்னய்யா, ஓட்டு எண்ணி முடிச்சதும் மொத ஆளா வருவீரே. ரசீது எங்க?" என்றார் ரைட்டர்.

அப்பா மஞ்சள் தாளை மேசையில் வைத்தார். "துப்பாக்கி வேணாம் சார். இங்கயே கெடக்கட்டும்."

"எலக்சன் முடிஞ்சிருச்சு. இங்க என்ன மியூசியமா நடத்துறோம்?"

"எழுதித் தர்றோம் சார். எம்புள்ள நல்லா எழுதும்."

ரைட்டர் வெள்ளைத் தாளைத் தள்ளினார். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதினேன். "காரணம் எழுதணும்மா. காரணமில்லாம நான் வாங்க முடியாது" என்றார் ரைட்டர். பேனாவை நிறுத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன்.

"ஒடம்பு சரியில்லன்னு எழுதுத்தா."

'உட' என்று இரண்டு எழுத்து எழுதியிருப்பேன். அப்பா என் கையின் மேல் கை வைத்தார்.

"வேணாம். மனசு சரியில்லன்னு எழுது. உள்ளத எழுது."

எழுதினேன். "எனக்குச் சில மாதங்களாக மனம் சரியில்லை. சரியாகும்வரை துப்பாக்கி என் வீட்டில் இருக்க வேண்டாம்." பட்டிமன்றத்தில் இரண்டு அணியும் இருபது நிமிடம் பேசியது இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது.

ரைட்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல கேள்வி கேப்பாங்கய்யா. லைசென்சே போனாலும் போயிரும். வேற மாதிரி போட்டுக்குவமா?"

"போனாப் போகுது சார். புள்ள எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும்."

அவர் முத்திரை குத்தினார். இங்க் காய ஊதினார். பிறகு எங்களைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "கீழ பெரியாஸ்பத்திரிக்கிச் செவ்வாக்கெழம செவ்வாக்கெழம மனசுக்குப் பாக்குற டாக்டர் வர்றாரு. எம் மச்சான் போறான். ஒரு வருசமாப் போறான். ஏழு மணி பஸ்ஸுக்குப் போனீங்கன்னா கூட்டமிருக்காது."

"இந்தச் செவ்வாய்க்கிழமையா?" என்று அம்மா உடனே கேட்டாள். விஜயதசமியானாலும் டாக்டர் வருவார் என்றார் ரைட்டர்.

வெளியே வந்து டீ குடித்தோம். அப்பா எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். திரும்பிப் பார்த்தேன். கதவு இடுக்கில், சுவரில் சாய்ந்து நின்ற எங்கள் துப்பாக்கி கொஞ்சம் தெரிந்தது. அதை விட்டுவிட்டு வருவது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. என் சின்ன வயசு முழுக்க அதன் வாசனை.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

காலையிலிருந்து வேலை. அரிவாள், மண்வெட்டி, கவாத்துக் கத்திகளைக் கழுவினேன். மிளகு ஏணியை அப்பாவே கைத்தடியை ஊன்றிக்கொண்டு இழுத்துவந்தார். அதன் ஒவ்வொரு படியிலும் பொட்டு வைக்கச் சொன்னார். என் பேனா, பறவைப் புத்தகம், இந்த நோட்டு. அம்மாவின் மிக்சி.

நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. யாரும் அங்கே எதையும் வைக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டே இருந்தேன். அப்பா மாட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பழைய எண்ணெய்த் தகர டின்னையும் ஒரு கம்பையும் எடுத்துவந்து அந்த இடத்தில் வைத்தார்.

"இனிமே இதுதாண்டி நம்ம துப்பாக்கி. வைய்யி பொட்ட."

பொழுது சாய்கிறபோது ஓடைப்பக்கம் புதர் அசைந்தது. மூன்று பேரும் வெளியே ஓடினோம். அப்பா ஓடவில்லை, ஆனால் வந்தார். டின்னை அடித்தார், நான் தாம்பாளத்தை அடித்தேன், அம்மா, "ஏய்! போ! போயிரு!" என்று கத்தினாள். அவளுக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. பன்றிகள் ஓடையைத் தாண்டின. மலை அந்தத் தகரச் சத்தத்தையும் திருப்பிச் சொன்னது. எண்ணினேன். இரண்டு தடவைதான். பரவாயில்லை.

நாளை ஏழு மணி பஸ். அப்பாவின் வெள்ளைச் சட்டையை அம்மா மடித்து வைத்திருக்கிறாள். விஜயதசமிக்குப் பள்ளி லீவு என்பதால் நானும் போகிறேன்.

அடுத்த ஞாயிறு நிலாவிடம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலும் விளக்கை அணைக்கிற பழக்கம் ஒன்று உண்டு, ஆனால் அது ஒளிந்துகொள்வதற்கு அல்ல. அதற்கு ஷூவை மூட வேண்டாம், பேசலாம், சிரிக்கலாம் என்று.

இதை எழுதும்போது முற்றத்தில் கைத்தடிச் சத்தம் கேட்கிறது. அடுக்களையில் சுவிட்ச் தட்டுகிற ஓசை. ஏதோ முணுமுணுப்பு, சரியாகக் கேட்கவில்லை. பிறகு முன்னறை. இப்போது நன்றாகக் கேட்டது.

அப்பா என் அறை வாசலில் நிற்கிறார். சுவிட்சில் கை இருக்கிறது. "முடிச்சுட்டியா ஆத்தா?" என்கிறார். ஒரு வரி பாக்கி என்றேன்.

கடைசி வரியை இருட்டில், கோணல் மாணலாக எழுதுகிறேன்: "நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு அப்பா விளக்கை அணைத்தார்.